ஆம்பை மாத்தினா ஹெட்ஃபோன் மாறுமா? ஒரு திருத்தமும் ஒரு மல்டிமீட்டரும்

(எபிசோடில் பேசியது. வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. வழக்கமா நான் ஒரு பொருளைப் பத்திச் சொல்வேன், நீங்க கேட்பீங்க. இன்னிக்கு நான் சொன்ன ஒரு விஷயத்தை நானே திரும்ப வாங்கிக்கணும்.

மூணு எபிசோடுக்கு முன்னாடி பிளேனர் ஹெட்ஃபோன் பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கா? அதுல நான் ஒரு வார்த்தை விட்டேன். "நல்ல பிளேனர் வாங்கிட்டு நல்ல ஆம்ப் வாங்கலைன்னா, கார் வாங்கிட்டு பெட்ரோல் போடாத மாதிரி"ன்னு. கேட்க நல்லா இருந்துச்சு. கமென்ட்ல பாராட்டும் வந்துச்சு. போன மாசம் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். செகண்ட் ஹேண்ட்ல ஆடிஸி எல்சிடி-எக்ஸ் வாங்கியிருக்கார். என் எபிசோடைக் கேட்டுட்டு, முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல போட்டு, ஒன்பது மாச இஎம்ஐ-ல ஒரு ஆம்பும் வாங்கிட்டார். மெயிலோட கடைசி வரி இதுதான்: "அண்ணா, ரெண்டு வாரமா மாத்தி மாத்திக் கேட்கறேன். போன்ல சொருகுற பழைய டாங்கிளுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலை. என் காதுல ஏதாவது பிரச்சனையா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியல. ஏன்னா, நான் அந்த எபிசோடுல சொன்னதை ஒழுங்கா சோதிச்சுப் பார்த்ததே இல்ல. கேட்டேன், பிடிச்சுது, சொல்லிட்டேன். அதனால இந்த ஒரு மாசம் உட்கார்ந்து சோதிச்சேன். அதோட கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல, பிளேனர்னா என்ன?

சாதாரண ஹெட்ஃபோன்ல ஒரு கூம்பு, அதுக்குப் பின்னாடி ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம். சுருள்ல கரன்ட் போனா கூம்பு முன்னும் பின்னும் ஆடும். இதை டைனமிக் டிரைவர்னு சொல்றோம். பிளேனர்ல கூம்பு கிடையாது. மைக்ரான் கணக்குல மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள். அது மேல கோலம் போட்ட மாதிரி மின்தடம் ஓடும். தாளுக்கு ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ காந்த வரிசை. தடத்துல கரன்ட் போகும்போது தாள் முழுக்க ஒண்ணா அசையும்.

இது புதுசு இல்ல. யமஹா 1976-லயே எச்பி-1னு ஒரு பிளேனர் ஹெட்ஃபோன் கொண்டுவந்தாங்க, அதுக்கு அவங்க வச்ச பேர் ஆர்த்தோடைனமிக். அப்புறம் ரொம்ப வருஷம் அந்தத் தொழில்நுட்பம் ஓரமா கிடந்துச்சு. 2010-ஐ ஒட்டி ஹைஃபைமேன், ஆடிஸி மாதிரி கம்பெனிகள் வந்தப்புறம்தான் மறுபடி பெரிசாச்சு.

"பிளேனர்னா பெரிய ஆம்ப் வேணும்"ங்கிற பேச்சு அந்தக் காலகட்டத்துல வேர் பிடிச்சது. அதுக்கு ஒரு நியாயமும் இருந்துச்சு. ஹைஃபைமேன் எச்இ-6னு ஒரு ஹெட்ஃபோன். சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல்தான். ஸ்பீக்கர் ஆம்ப்ல அதைக் கோர்த்துக் கேட்டவங்க நிறைய பேர். அப்படி ஒரு ஹெட்ஃபோனுக்கு உண்மையா இருந்த ஒரு பிரச்சனை, மெல்ல எல்லா பிளேனருக்கும் பொது விதியா மாறிடுச்சு. நான் சொன்னதும் அந்த விதியைத்தான்.

கணக்கு போடலாம், பயப்படாதீங்க

ரெண்டு ஹெட்ஃபோனை எடுத்துக்கலாம். ஒண்ணு ஹைஃபைமேன் சுஸ்வாரா. 2017-ல வந்தப்போ 6000 டாலர். இம்பீடன்ஸ் 60 ஓம், சென்சிட்டிவிட்டி 83 டெசிபல். அதாவது ஒரு மில்லிவாட் குடுத்தா 83 டெசிபல் சத்தம். இன்னொண்ணு நம்ம தம்பி வச்சிருக்கிற எல்சிடி-எக்ஸ். 20 ஓம், 103 டெசிபல்.

டெசிபல்ல ஒரே ஒரு விதியை ஞாபகம் வச்சா போதும். 10 டெசிபல் கூடணும்னா பவர் பத்து மடங்கு வேணும். 3 டெசிபலுக்கு ரெண்டு மடங்கு.

இசையில திடீர்னு வர்ற உச்சங்களுக்கு 110 டெசிபல் வேணும்னு வச்சுக்கலாம். அது ரொம்ப தாராளமான கணக்கு. எல்சிடி-எக்ஸுக்கு 103-லேர்ந்து 110-க்குப் போகணும், 7 டெசிபல். 5 மில்லிவாட் போதும். வோல்ட்ல சொன்னா 0.32. போன்ல சொருகுற சின்ன டாங்கிள் பலதும் 1 வோல்ட் பக்கத்துல தரும். அதாவது தம்பியோட பழைய டாங்கிள் இந்த வேலைக்குத் தாராளமா போதும்.

சுஸ்வாராவுக்கு? 83-லேர்ந்து 110, 27 டெசிபல். 500 மில்லிவாட் வேணும். கிட்டத்தட்ட 5.5 வோல்ட், 91 மில்லி ஆம்பியர். தம்பியோட ஹெட்ஃபோனுக்குத் தேவையானதைவிட நூறு மடங்கு பவர். அதே 1 வோல்ட் டாங்கிள்ல சுஸ்வாராவை மாட்டினா உச்சம் 95 டெசிபலோட நின்னுடும். பாட்டு கேட்கும், கேட்காம இல்ல. ஆனா டைனமிக்ஸ் அதிகமா இருக்கிற ரெக்கார்டிங்ல, கொஞ்சம் சத்தமா வைக்கலாம்னு நினைக்கும்போது வால்யூம் முடிஞ்சுபோயிடும்.

ரெண்டுமே பிளேனர். ரெண்டுமே விலை கூடின பொருள். ஆனா ஆம்ப் கிட்ட கேட்கறது நூறு மடங்கு வித்தியாசம். அப்போ "பிளேனருக்கு நல்ல ஆம்ப் வேணும்"ங்கிற வாக்கியத்துக்கு அர்த்தமே இல்ல. எந்த பிளேனர்னு கேட்காம நான் சொல்லியிருக்கவே கூடாது. முதல் தப்பு அது.

சோதனை

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்கார். என்னைவிட பத்து வயசு மூத்தவர். அவர்கிட்ட சுஸ்வாரா இருக்கு. ரெண்டு ஆம்ப் இருக்கு. ஒண்ணு உள்ளங்கை அளவு, விலை சில ஆயிரம்தான். இன்னொண்ணு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல விலை, தூக்கி வைக்கவே ரெண்டு கை வேணும். மூணு எபிசோடுக்கு முன்னாடி "மேடையே விரிஞ்சுது, பின்னணி கருப்பாச்சு"ன்னு நான் வர்ணிச்சது இந்தப் பெரிய பெட்டியைத்தான். அன்னிக்கும் இவங்க வீட்லதான் கேட்டேன்.

இந்த ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஆம்ப் வித்தியாசம் எங்கயாவது தெரியணும்னா, இவ்வளவு பவர் கேட்கிற ஹெட்ஃபோன்லதான் தெரியணும். இங்கயே தெரியலைன்னா எல்சிடி-எக்ஸ்ல தெரியும்னு எதிர்பார்க்கிறது கஷ்டம்.

முதல் வேலை, ரெண்டு ஆம்பையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர்றது. நான் காதால கேட்டு, நாபைத் திருகி, "இப்ப சமமா இருக்குண்ணா"ன்னு சொன்னேன். அண்ணன் ஒண்ணும் பேசாம மல்டிமீட்டரை எடுத்துட்டு வந்தார். ஒரு ஒய் கேபிள்ல ஹெட்ஃபோன் ஒரு கிளையில, மீட்டர் இன்னொரு கிளையில. 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை முழு அளவுல ஓட விட்டோம். சின்ன ஆம்ப் 0.84 வோல்ட். பெரிய ஆம்ப் 1.02.

அது 1.7 டெசிபல். நான் "சமம்"னு சத்தியம் பண்ணின இடத்துல, பெரிய பெட்டி 1.7 டெசிபல் சத்தமா ஓடிட்டிருந்துச்சு.

இதுதான் இந்த எபிசோடோட மையம்னு சொல்லலாம். 5 டெசிபல் கூடினா நமக்கு "சத்தமா இருக்கு"ன்னு தெரியும். ஒண்ணு ஒண்ணரை டெசிபல் கூடினா அப்படித் தெரியாது. "தெளிவா இருக்கு, அழுத்தம் இருக்கு, விரிவா இருக்கு"ன்னுதான் தோணும். நம்ம காது எல்லா அலைவரிசையையும் ஒரே மாதிரி கேட்கறதில்ல. சத்தம் குறையக் குறைய அடித்தாழ் ஒலி அதிகமா மங்கிப்போகும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லயே இதை அளந்து கோடு போட்டுட்டாங்க. அதனால கொஞ்சம் சத்தம் கூடினாலே பேஸ் நிறைஞ்ச மாதிரி இருக்கும். கடைக்காரர் எந்த ஆம்பை விக்கணும்னு நினைக்கிறாரோ அதோட நாபை ஒரு துளி ஏத்தி வச்சா போதும். அவர் ஏமாத்தறார்னு சொல்லல. நான் யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கல, ஆனா என்னையே ஏமாத்திக்கிட்டேன்.

பேலன்ஸ்டு அவுட்புட் கதையும் இதுதான். பல ஆம்ப்ல பேலன்ஸ்டுல மாட்டினா வோல்டேஜ் ரெண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூட. பிளக்கை மாத்தி மாட்டிட்டு "ஆஹா, வேற லெவல்"னா, லெவல்தான் உண்மையா மாறியிருக்கு.

சரி. ரெண்டையும் 1 வோல்டுக்குக் கொண்டுவந்தோம். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள்ள, அதாவது 0.1 டெசிபலுக்குள்ள. இப்போ கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்கணும்.

அண்ணியும் அந்த "டிக்" சத்தமும்

ஏபிஎக்ஸ்னு ஒரு முறை. ஏ-ன்னா சின்ன ஆம்ப், பி-ன்னா பெரிய ஆம்ப். எக்ஸ் ரெண்டுல ஏதோ ஒண்ணு. எக்ஸ் எதுன்னு நான் சொல்லணும். 16 தடவை. எனக்குப் பின்னாடி அண்ணி உட்கார்ந்தாங்க. ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி, பூ விழுந்தா ஏ, தலை விழுந்தா பி, நோட்டுல குறிச்சுக்கிட்டு, பாட்டை நிறுத்திட்டு பிளக்கைக் கழட்டி மாட்டுவாங்க. அதே ஆம்ப் வந்தாலும் கழட்டித்தான் மாட்டணும். நான் ஹெட்ஃபோனைத் தலையிலேர்ந்து எடுக்கவே கூடாது. கழட்டி மறுபடி மாட்டும்போது காதுல அது உட்கார்ற இடம் லேசா மாறினாலே ட்ரெபிள்ல சில டெசிபல் ஏறி இறங்கும். ஆம்ப் வித்தியாசத்தைத் தேடறப்போ அதைவிடப் பெரிய வித்தியாசத்தை நாமளே உள்ள விடக்கூடாது.

முதல் சுத்து முடிஞ்சுது. 16-க்கு 13. குருட்டாம்போக்குல சொன்னா அவ்வளவு வர்றதுக்கு நூத்துல ஒரு வாய்ப்புதான். நான் துள்ளிக் குதிச்சேன். "பார்த்தீங்களாண்ணா, காது பொய் சொல்லாது!"

அண்ணி சிரிச்சாங்க. "தம்பி, பெரிய பெட்டியில பிளக் சொருகும்போது மட்டும் டிக்குனு ஒரு சத்தம் வருதே, அது உங்களுக்குக் கேட்கலையா?"

கேட்டிருக்கு. எனக்கே தெரியாம கேட்டிருக்கு. பெரிய ஆம்ப்ல பிளக்கைப் பூட்டிக்கிற மாதிரி சாக்கெட். சுஸ்வாரா பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன், வெளிச் சத்தம் எல்லாம் உள்ள வரும். என் மூளை அந்த டிக்கைப் பிடிச்சுக்கிட்டு, என்கிட்ட "பேஸ் இறுக்கமா இருக்கு"ன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கு. நான் பொய் சொல்லல. உண்மையாவே பேஸ் இறுக்கமா இருக்கிற மாதிரிதான் எனக்குக் கேட்டுச்சு. அதுதான் பயமா இருந்துச்சு.

ரெண்டாவது சுத்து. பிளக் மாத்தற நேரம் முழுக்க அண்ணி போன்ல மழைச் சத்தத்தை முழு வால்யூம்ல ஓட விட்டாங்க. நேரக் கட்டுப்பாடு எதுவும் வைக்கல. ஒவ்வொரு பாட்டையும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேட்டேன். குரல், வீணை, ஒரு ஆர்க்கெஸ்ட்ரா, ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். நடுவுல காபி குடிச்சோம். ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

16-க்கு 9.

காசு சுண்டிச் சுண்டியே பதில் சொன்னாலும் 9-ஓ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 40 சதவீத வாய்ப்பு இருக்கு. பொதுவா 12 வந்தாத்தான் ஏதோ இருக்குன்னு எடுத்துக்கலாம், அது தற்செயலா வர 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. அண்ணனும் உட்கார்ந்தார். அவர் பல வருஷமா கேட்கிற ஹெட்ஃபோன், அவரோட சொந்த ஆம்ப். அவருக்கு 7. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கல.

வித்தியாசம் கேட்ட இடம்

இதோட நிறுத்தியிருந்தா "எல்லா ஆம்பும் ஒண்ணுதான்"னு ஒரு எபிசோட் போட்டிருக்கலாம். அதுவும் தப்பாத்தான் இருந்திருக்கும்.

மூணாவது சுத்துல சத்தத்தை 12 டெசிபல் ஏத்தினோம். மறுபடி மல்டிமீட்டர் வச்சு சமன் பண்ணினோம். தனி ஆவர்த்தனத்தை மட்டும் 20 விநாடித் துண்டுகளா கேட்டேன். மிருதங்கத்துல ஒவ்வொரு அடியும் சராசரிச் சத்தத்தைவிட எங்கயோ மேல எகிறும், உடனே இறங்கும். அந்த உச்சத்துக்கு ஆம்ப்கிட்ட 4 வோல்ட் வேணும். சின்ன ஆம்ப் அதிகபட்சம் 3 வோல்டுதான் தரும். அதுக்கு மேல போற அலையோட தலையை அப்படியே வெட்டிடும். இதைத்தான் கிளிப்பிங்னு சொல்றாங்க.

16-க்கு 15. சந்தேகமே இல்ல. அடி விழற இடத்துல தோலோட நாதத்துக்குப் பதிலா ஒரு சொரசொரப்பு. இந்தத் தடவை எனக்கு வர்ணனையே தேவைப்படல.

ஆக, பெரிய பெட்டி ஒண்ணும் வீண் இல்ல. அது செய்யற வேலை ஒண்ணு இருக்கு. ஆனா அது "மேடையை விரிக்கிற" வேலை இல்ல. சின்னது முடியாதுன்னு கைவிரிக்கிற இடத்துல தொடர்ந்து ஓடறது. அந்த இடம் உங்க ஹெட்ஃபோன், உங்க பாட்டு, நீங்க கேட்கிற சத்தம் இந்த மூணையும் பொறுத்தது. பவர் போதுமா போதாதாங்கிறது கணக்குலயே தெரிஞ்சுடும். வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

அவுட்புட் இம்பீடன்ஸ்: பிளேனருக்குச் சாதகம்

இன்னொரு விஷயம். ஆம்ப் மாத்தினா டோன் உண்மையாவே மாறுற ஒரு வழி இருக்கு. ஆனா அது பிளேனரை அதிகம் தொடாது.

ஒவ்வொரு ஆம்புக்கும் அவுட்புட் இம்பீடன்ஸ்னு ஒண்ணு உண்டு. நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப்ல அது ஒரு ஓமுக்கும் கீழ. சில வால்வ் ஆம்ப்ல 100 ஓமைத் தாண்டும். சென்ஹைசர் எச்டி 650 மாதிரி டைனமிக் ஹெட்ஃபோனுக்கு 300 ஓம்னு போட்டிருந்தாலும், அது எல்லா அலைவரிசையிலயும் 300 இல்ல. 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல 450-ஐயும் தாண்டும். அதை 120 ஓம் ஆம்ப்ல மாட்டினா, இம்பீடன்ஸ் கூடின அந்த இடத்துக்கு மட்டும் வோல்டேஜ் பங்கு கூடக் கிடைக்கும். பேஸ்ல கிட்டத்தட்ட ஒரு டெசிபல் மேடு விழும். "வால்வ்ல கதகதப்பா இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கு அந்த ஹெட்ஃபோன்ல ஒரு நிஜமான காரணம் இருக்கு.

பிளேனர்ல அந்தத் தடம் கிட்டத்தட்ட ஒரு வெறும் ரெசிஸ்டர் மாதிரி. 20 ஓம்னா அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் 20-தான். அதனால ஆம்போட இம்பீடன்ஸ் எவ்வளவு இருந்தாலும் எல்லா அலைவரிசையும் ஒரே அளவு குறையும், டோன் மாறாது. ஆனா 120 ஓம் ஆம்ப்ல 20 ஓம் பிளேனரை மாட்டினா வோல்டேஜ்ல ஏழுல ஒரு பங்குதான் ஹெட்ஃபோனுக்குப் போகும். மீதி எல்லாம் ஆம்புக்குள்ளயே வீண். அவ்வளவு குறைஞ்ச லோடுல வால்வ் திணறும், டிஸ்டார்ஷன் கூடும். அந்த ஜோடியை மட்டும் தவிர்த்துடுங்க.

பிளேனருக்கு ஆம்ப் ரொம்ப முக்கியம்னு ஊர்ல பேச்சு. டோன் விஷயத்துல பார்த்தா, ஆம்பைப் பத்திக் கவலைப்படத் தேவையே இல்லாத ஹெட்ஃபோன்னா அது பிளேனர்தான்.

இது நாம கண்டுபிடிச்சது இல்ல

1985-ல அமெரிக்காவுல பாப் கார்வர்னு ஒரு ஆம்ப் டிசைனர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்ககிட்ட ஒரு சவால் விட்டார். "நீங்க எந்த விலை உயர்ந்த ஆம்பை வேணும்னாலும் குடுங்க. என்னோட மலிவு ஆம்பை 48 மணி நேரத்துல அதே மாதிரி ஒலிக்க வைக்கிறேன்." ஹோட்டல் ரூம்ல உட்கார்ந்து செஞ்சார். ரெண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னலைக் குடுத்து, வெளிய வர்றதை ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கழிச்சு, மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துப் பார்த்து சர்க்யூட்டைத் திருத்தினார். மிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லைன்னு ஆனப்போ, பத்திரிகைக்காரங்க காதுக்கும் வித்தியாசம் தெரியல.

அது ஸ்பீக்கர் ஆம்ப். ஆனா அதுல எனக்குப் பிடிச்சது இதுதான்: கார்வர் "ஆம்ப் எல்லாம் ஒண்ணு"ன்னு சொல்லல. வித்தியாசம் இருந்தா அதை அளக்க முடியும், அளந்தா சரி பண்ண முடியும்னு காட்டினார். மாயம்னு ஒண்ணு இல்லைன்னு காட்டினார்.

நீங்க வீட்ல செய்யணும்னா

சுருக்கமா சொல்றேன். முதல்ல கணக்கு. ஹெட்ஃபோனோட சென்சிட்டிவிட்டியையும் ஓமையும் பாருங்க. சென்சிட்டிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கா, ஒரு வோல்ட்டுக்கான்னு கவனிங்க, ரெண்டும் வேற வேற. 110-க்கு எத்தனை மில்லிவாட் வேணும், உங்ககிட்ட இருக்கிறது எவ்வளவு தரும்னு பாருங்க. போதும்னா, பெரும்பாலும் கதை அங்கயே முடிஞ்சுது.

ஒப்பிட்டுத்தான் ஆகணும்னா, மல்டிமீட்டர் வாங்குங்க. சாதாரண மீட்டர் கிலோஹெர்ட்ஸ்ல சரியா காட்டாது, அதனால 60-லேர்ந்து 200 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு டோனை ஓட விடுங்க. முதல்ல கம்மி சத்தத்துல, ஹெட்ஃபோனைத் தலையில மாட்டாம. ரெண்டு ஆம்பும் ஒரு சதவீதத்துக்குள்ள வரணும். பிளக் மாத்த ஒரு ஆளைக் கூப்பிடுங்க, எதுன்னு சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. குறைஞ்சது 16 தடவை. ஸ்விட்ச் பாக்ஸ் வச்சுச் செய்யறதா இருந்தா ஒரு எச்சரிக்கை: பேலன்ஸ்டு அவுட்புட்டோட மைனஸை எதுக்கும் பொதுவா இணைச்சுடாதீங்க, ஆம்ப் போயிடும்.

16-க்கு 9 வந்தா உங்களுக்கு அந்த ஜோடியில, அந்தச் சத்தத்துல வித்தியாசம் தெரியலைன்னு அர்த்தம். உலகத்துல யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா பணம் உங்களோடது, காதும் உங்களோடது. உங்களுக்கு அது போதும்.

இன்னொண்ணு, காது பத்தி. எல்சிடி-எக்ஸ் மாதிரி ஹெட்ஃபோனுக்கு ஒரே ஒரு வாட் குடுத்தா கணக்குப்படி 133 டெசிபல். பெரிய ஆம்ப் வாங்கினவங்க நாப்ல கை வைக்கும்போது இதை நினைச்சுக்கோங்க. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கணும். எங்க மூணாவது சுத்தை அன்னிக்கு அதோட நிறுத்திட்டோம்.

தம்பிக்குப் பதில்

அண்ணன் அந்தப் பெரிய ஆம்பை விக்கப் போறதில்ல. கிளம்பும்போது கேட்டேன். "எனக்கு அந்த நாப் பிடிக்கும்டா. ராத்திரி அந்தச் சின்ன லைட் எரியறது பிடிக்கும். ஆனா இனிமே யாராவது கேட்டா, ஒலிக்காக வாங்கினேன்னு சொல்ல மாட்டேன்"னார். அது எனக்கு நேர்மையா பட்டுச்சு. பிடிச்சதுக்காகப் பணம் செலவு பண்றதுல தப்பே இல்ல. பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுச் செலவு பண்ணணும், அவ்வளவுதான்.

தம்பிக்கு நான் எழுதின பதிலை இங்கயும் சொல்லிடறேன். உங்க காதுல எந்தக் கோளாறும் இருக்கிற மாதிரி தெரியல. நீங்க கேட்டதுதான் சரி. உங்க ஹெட்ஃபோனுக்கு 5 மில்லிவாட் போதும், டாங்கிள் அதைக் குடுக்குது. வித்தியாசம் தெரியலைன்னா, தெரியற அளவுக்கு அங்க எதுவும் இருந்திருக்காது. அந்த ரெண்டு வாரம் உங்க மேலயே சந்தேகப்பட்டதுக்குக் காரணம் நான். மன்னிச்சுக்கோங்க. ஆம்பைத் திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடுத்துடுங்க. முடியாதுன்னா நல்ல விலைக்கு வித்துடுங்க. ஒலியை மாத்தணும்னு ஆசை இருந்தா ஈக்வலைசரைத் தொட்டுப் பாருங்க, அது செலவில்லாதது. இயர்பேட் பழசாகி அமுங்கிப் போயிருந்தா மாத்துங்க. செகண்ட் ஹேண்ட்னு சொன்னீங்க, முதல்ல அதைத்தான் பார்க்கணும். இந்த ரெண்டும் டெசிபல் கணக்குல மாறுற விஷயம், கண்ணை மூடிக்கிட்டும் கேட்கும்.

அவர் பதில் போட்டிருந்தார். திருப்பிக் குடுக்கற தேதி தாண்டிடுச்சாம். விளம்பரம் போட்டிருக்கார். விக்கிற விலைக்கும் வாங்கின விலைக்கும் நடுவுல இருக்கிற நஷ்டத்தை நான் தர்றேன்னேன். "வேண்டாண்ணா, அடுத்த எபிசோட்ல சொல்லிடுங்க, அது போதும்"னார். சொல்லிட்டேன்.

இனிமே இந்த நிகழ்ச்சியில ஆம்ப் பத்திப் பேசினா, மல்டிமீட்டர் வச்சு சமன் பண்ணினேனா இல்லையாங்கிறதை முதல் வரியிலயே சொல்வேன். சமன் பண்ணலைன்னா "மேடை விரிஞ்சுது"ங்கிற வார்த்தை என் வாயில வராது. வந்தா மெயில் போடுங்க. பழைய எபிசோடை எடுக்கல, அதோட தலைப்புல திருத்தம்னு சேர்த்திருக்கோம், இந்தப் பக்கத்துக்கு வழியும் அதுலயே இருக்கு.

அடுத்த வாரம் இயர்பேட். அண்ணிகிட்ட நோட்டும் காசும் தயாரா இருக்கு.